மெஸ் பில் எப்படி வருகிறது: விடுதிக்குப் போகும் தங்கச்சிக்கும் தம்பிக்கும்

போன வாரம் சித்தி மகள் ஆலங்குளத்திலிருந்து போன் பண்ணினாள். சென்னையில் அரசுக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. சந்தோஷத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கவலை வந்துவிட்டது. "அக்கா, ஹாஸ்டல் ஃபீஸ் போக மெஸ் அட்வான்ஸுன்னு தனியா ரூவா கட்டச் சொல்லுதாவ. அது திரும்ப வருமா, வராதா?"

இதே கேள்வியோடுதான் நானும் போனேன். எனக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. நான்கு வருடம் அந்த மெஸ்ஸில் சாப்பிட்டேன், அதில் ஒரு வருடம் மெஸ் ரெப்பாகவும், அதாவது மெஸ்ஸைக் கவனிக்கும் மாணவர் பிரதிநிதியாகவும், இருந்தேன். அவளுக்குப் போனில் சொன்னதை, விடுபட்டதையும் சேர்த்து, இங்கே எழுதி வைக்கிறேன். இந்த வருடம் பெட்டி கட்டும் எல்லோருக்கும் உதவட்டும்.

முதலில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

விடுதி அலுவலகத்தில் பணம் கட்டும்போதே கேளுங்கள்: "இங்கே டிவைடிங் சிஸ்டமா, கான்ட்ராக்ட் மெஸ்ஸா?" மற்றதெல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தது.

கான்ட்ராக்ட் மெஸ் என்றால் ஒரு கேட்டரிங்காரர் எடுத்து நடத்துகிறார். நாளுக்கு இவ்வளவு, அல்லது செமஸ்டருக்கு இவ்வளவு என்று முன்பே பேசி முடித்திருப்பார்கள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பெரும்பாலும் பணம் போனதுதான். லீவுக்குக் கழிவு உண்டா, உண்டென்றால் குறைந்தது எத்தனை நாள் தொடர்ந்து போக வேண்டும் என்று மட்டும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிவைடிங் சிஸ்டம் வேறு மாதிரி. தமிழ்நாட்டில் பல அரசுக் கல்லூரி விடுதிகளில் இதுதான் நடக்கிறது. இங்கே யாருக்கும் லாபம் கிடையாது. அந்த மாதம் அரிசி, பருப்பு, காய்கறி, பால், கேஸ் என்று ஆன செலவை, சாப்பிட்டவர்கள் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். அட்வான்ஸ் என்று வாங்குவது, மளிகைக் கடைக்காரருக்கும் பால்காரருக்கும் கொடுக்கக் கையில் பணம் இருக்க வேண்டுமே, அதற்காக. படிப்பு முடிந்து விடுதியைக் காலி செய்யும்போது பாக்கி பில்லைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். அந்த ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். போனில் படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிடுங்கள்.

கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். விடுதியில் 300 பேர், மாதம் 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9,000 சாப்பாட்டு நாள். ஊருக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்களின் நாட்களைக் கூட்டினால் 900. அதைக் கழித்தால் 8,100. அந்த மாதச் செலவு 8,91,000 ரூபாய் என்றால், ஒரு நாளுக்கு 110 ரூபாய். நீங்கள் 24 நாள் சாப்பிட்டிருந்தால் 2,640 ரூபாய் கட்டுவீர்கள். இதோடு சமையல்காரர் சம்பளம், கரண்ட் போன்றவற்றுக்கு எஸ்டாப்ளிஷ்மென்ட் என்று ஒரு தொகை வரும். நீங்கள் ஊருக்குப் போயிருந்தாலும் அது எல்லோருக்கும் ஒன்றுதான்.

ரிடக்ஷன் எழுதாமல் பஸ் ஏறாதீர்கள்

மேலே சொன்ன 'எழுதிக் கொடுத்தவர்கள்' என்பதுதான் முக்கியம். இதற்கு மெஸ் ரிடக்ஷன் என்று பெயர். சில விடுதிகளில் மெஸ் கட் என்பார்கள். வெறும் லீவு லெட்டர் வேறு, ரிடக்ஷன் வேறு. வார்டனிடம் லீவு லெட்டரில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்து நான் முதல் வருடம் ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு எட்டு நாள் போய்விட்டேன். திரும்பி வந்து மாதக் கடைசியில் நோட்டீஸ் போர்டைப் பார்த்தால், என் பெயருக்கு நேரே முழுசாக 30 நாள். எங்கள் விடுதியில் அப்போது நாளுக்கு 110 ரூபாய் வந்தது. எட்டு நாளுக்கு 880 ரூபாய். அம்மா பீடி சுற்றுபவர். அவருக்கு அது மூன்று நாளுக்கு மேலான உழைப்பு. போர்டுக்கு முன்னால் நின்று அந்தக் கணக்கைத்தான் மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் கேட்டபோது, "மெஸ் ரிஜிஸ்டரில் எழுதலையேம்மா" என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னது விதிப்படி சரி. அதை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

அதனால் நீங்கள் இப்படிச் செய்யுங்கள். ரிடக்ஷனுக்குக் குறைந்தபட்சம் எத்தனை நாள் என்று கேளுங்கள். மூன்று நாள் என்பார்கள், ஐந்து நாள் என்பார்கள், விடுதிக்கு விடுதி மாறும். எத்தனை நாள் முன்னதாக எழுத வேண்டும் என்றும் கேளுங்கள். கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் கணக்கில் சேருமா என்று கேளுங்கள், அங்கேதான் பலருக்கு ஒரு நாள் குறைந்து, ரிடக்ஷனே இல்லாமல் போகும். மூன்று நாள் விதி உள்ள இடத்தில், வெள்ளி இரவு கிளம்பித் திங்கள் காலை திரும்பினால் உங்களுக்குக் கிடைப்பது சனி, ஞாயிறு இரண்டு நாள்தான். திங்கள் இரவு திரும்புவதாக வைத்துக்கொண்டால் மூன்று நாள் ஆகிவிடும். எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுங்கள். பில் ஒட்டியதும் உங்கள் நாட்களைச் சரிபாருங்கள். தவறு இருந்தால், திருத்தம் கேட்கக் கொடுத்திருக்கும் தேதிக்குள் போய்ச் சொல்லுங்கள்.

சமையல் கட்டுப் பக்கம் ஒரு தடவை போய் வாருங்கள்

இரண்டாம் வருடம் மெஸ் ரெப்பாக யார் நிற்கிறீர்கள் என்று கேட்டபோது கை தூக்கினேன். அந்த 880 ரூபாய்தான் காரணம்.

முதல் வேலை, காலை ஐந்தரைக்கு ஸ்டோருக்குப் போய் வரும் சரக்கை எடைபோட்டு வாங்குவது. கீரைக் கட்டு தண்ணீர் சொட்டச் சொட்ட வரும். அப்படியே தராசில் வைத்தால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு. எங்கள் சமையல் மாஸ்டர்தான் சொல்லிக்கொடுத்தார்: கீரையை எடைக்கு வாங்காதே, கட்டுக்கு வாங்கு. தக்காளிக் கூடையை மேலாகப் பார்க்காதே, அடியில் கைவிட்டு நாலு பழத்தை எடுத்துப் பார். காலிக் கூடையின் எடையைக் கழித்துவிட்டுத்தான் நோட்டில் எழுது. பாலில் லாக்டோமீட்டர் போட்டு மட்டும் திருப்தி ஆகிவிடாதே, ஒரு டம்ளர் காய்ச்சிக் குடித்துப் பார்.

அரிசிச் சிப்பத்தில் (மூட்டையில்) ஒரு விஷயம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதன் பிறகு, அந்த வரி படாதபடி, கடைகளில் 26 கிலோ சிப்பம் நிறைய வர ஆரம்பித்தது. போன மாதச் சிப்பத்தின் விலையையும் இந்த மாதத்தையும் அப்படியே ஒப்பிட்டால் விலை ஏறினதுபோலத் தெரியும். நாங்களும் ஒரு தடவை கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்த் திரும்பினோம். சிப்ப விலையைப் பார்க்காமல் கிலோ விலையைப் போட்டுப் பாருங்கள்.

மெஸ்ஸில் காசு எங்கே போகிறது என்று அந்த வருடம்தான் கண்ணால் பார்த்தேன். நான் நினைத்திருந்தது திருட்டு. பெரும்பகுதி போனது எச்சில் தொட்டிக்கு. நாற்பது பேர் வெள்ளிக்கிழமை மதியமே ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். ரிடக்ஷன் எழுதியிருக்க மாட்டார்கள், அல்லது எழுதியது அலுவலக நோட்டோடு நின்றிருக்கும். சமையல் கட்டில் வழக்கம்போல முழு எண்ணிக்கைக்கு உலை வைத்துவிடுவார்கள். எழுதினவர்களுக்குப் பணம் கழிந்துவிடும், சோறு மட்டும் குறையாமல் வெந்திருக்கும். அந்தச் செலவு மிச்சமிருப்பவர்கள் தலையில் ஏறும். அதனால் நாங்கள் ஒரு சிலேட்டு வாங்கி அடுப்படி வாசலில் மாட்டினோம். இரவு எட்டு மணிக்கு ரெப் போய் மறுநாள் எண்ணிக்கையை மூன்று வேளைக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இது ஒன்றுதான் நாங்கள் செய்த பெரிய மாற்றம். உங்கள் விடுதியில் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு சிலேட்டு வாங்குங்கள்.

ரெப்பாக நிற்கச் சொன்னால் மறுக்காதீர்கள். மெனு கமிட்டியில் உட்கார்ந்தால், "வாரத்தில் இரண்டு நாள் உப்புமாவா?" என்று கேட்கும் உரிமையும், அதற்குப் பதில் கோதுமை தோசை போட்டால் பில் எவ்வளவு ஏறும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் கிடைக்கும்.

என்ன சாப்பிடுவது, எப்போது போவது

காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். அதுவும் பில்லில் இருக்கிறது. எட்டரைக்கு மேல் போனால் இட்லி இருக்கும், சட்னி இருக்காது. ஏழே காலுக்குப் போனால் கூட்டமும் இல்லை, சாம்பாரும் சூடு. மதியம் முதல் பந்தி முடிந்து அடுத்த சட்டி திறக்கும் நேரத்தை ஒரு வாரம் கவனித்தால் தெரிந்துகொள்வீர்கள்.

எக்ஸ்ட்ரா என்று தனியாக எழுதிவைப்பார்கள்: முட்டை, ஆம்லெட், ஞாயிற்றுக்கிழமை சிக்கன். டோக்கன் வாங்கினால் அது பில்லில் தனியாக ஏறும். சிக்கன் வேண்டாம் என்றாலும் தினம் ஒரு அவித்த முட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் ஆறு கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. முட்டை சாப்பிடாதவர்கள் சுண்டல் போடும் சாயங்காலத்தைத் தவறவிடாதீர்கள்.

பெண் பிள்ளைகளிடம் ஒன்று அழுத்திச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. விடுதியில் மயக்கம் போட்டு விழுந்த பிள்ளைகளை நானே தூக்கியிருக்கிறேன், அவர்களில் பலர் காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனவர்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரை போடும் நாளில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள்.

காய்ச்சல் வந்தால் அறையில் சுருண்டு படுத்துக்கொண்டு பிஸ்கட்டில் நாளை ஓட்டாதீர்கள். தோழி ஒருத்தியைச் சமையல் கட்டுக்கு அனுப்பிக் கஞ்சி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, மாஸ்டர் ஆறு நாள் உப்பு குறைத்த ரசஞ்சோறு தனியாக எடுத்து மூடிவைத்தார். சமையல் கட்டில் இருப்பவர்களைப் பெயர் சொல்லியோ "வா, போ" என்றோ கூப்பிடாமல், "அண்ணே", "அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுங்கள்.

மெஸ்ஸுக்கு வெளியே

கல்லூரி கேன்டீன், வீட்டிலிருந்து வந்துபோகும் டே ஸ்காலர்களுக்கானது. விடுதிப் பிள்ளைகள் அங்கே தினம் ஒரு வேளை சாப்பிட்டால் இரண்டு இடத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள். வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வைத்துக்கொண்டு, அது தீர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். கேன்டீனிலோ மெஸ்ஸிலோ எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அதில் 14 இலக்க எண் இருக்கும்.

மாதக் கடைசியில் கை காய்ந்துபோனால் வெட்கப்பட வேண்டாம். சென்னையில் 2013-ல் தொடங்கிய அம்மா உணவகங்கள் இருக்கின்றன. இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து, சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று ரூபாய். ரிடக்ஷன் எழுதிவிட்டு ஊருக்குப் போகாமல் ப்ராஜெக்ட் வேலைக்காகத் தங்கிய நாட்களில் எனக்குச் சோறு போட்ட இடம் அது.

பணம் கட்டும் முன்பே இதைப் பாருங்கள்

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கல்லூரி விடுதிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தும் அரசு விடுதிகளைப் பற்றி விசாரியுங்கள். 2025-லிருந்து இவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர். தங்கவும் சாப்பிடவும் பணம் கிடையாது. கல்லூரி மாணவர் ஒருவருக்கு மாதம் 1,100 ரூபாயாக இருந்த உணவுப்படியை 2023-ல் 1,500 ஆக உயர்த்தினார்கள். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் அரசு வைத்திருக்கும் வரம்புக்குள் இருக்க வேண்டும், வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே எட்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். தூரக் கணக்கு பெண்களுக்குக் கிடையாது. எனக்கு இது தெரிய வந்தபோது விண்ணப்பத் தேதி முடிந்திருந்தது. சித்தி மகளை நேற்றே வருமானச் சான்றிதழுக்கு எழுதிப்போடச் சொல்லிவிட்டேன்.

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். மெஸ் பில்லில் பெரிய பங்கை அது தாங்கும்.

பெட்டியில் வைக்க வேண்டியவை: மூடியுள்ள ஒரு எவர்சில்வர் டப்பா (சீக்கிரம் வகுப்பு இருக்கும் நாளில் டிபன் எடுத்துப் போக), ஒரு தட்டு, ஒரு டம்ளர், உங்கள் பெயர் கொத்தியதாக. ஊறுகாயைவிடப் பருப்புப்பொடி மேல், ரசம் தண்ணியாக இருக்கும் நாளில் அதுதான் கைகொடுக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் நீங்கள் மெஸ்ஸில் சாப்பிட ஆரம்பித்த தேதியை எழுதுங்கள்.