துபாய்க்குப் புதிதாக வரும் குமரி மாவட்டத்தவருக்கு: மெட்ரோ, ரூம், அப்புறம் அந்த 'மெட்ரோ வேலை'

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கமிருந்து முதல்முறை துபாய் வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டு விஷயம்தான்: ரூம் எங்கே எடுப்பது, வேலைக்கு எப்படிப் போய் வருவது. இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். கூடவே இப்போது மூன்றாவதாக ஒன்று வருகிறது, "துபாய் மெட்ரோவில் வேலை இருக்கிறது என்று ஒருவர் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?" அதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் மெட்ரோ யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டேஷன், ரயில், பஸ் எல்லாவற்றிலும் ஆர்டிஏ என்று எழுதியிருக்கும். அது துபாய் அரசின் சாலை, போக்குவரத்து ஆணையம். பாதையும் ரயிலும் அதன் சொத்து, கட்டணம், அபராதம், பணம் ஏற்றிப் பயணத்துக்குப் பயன்படுத்தும் நோல் கார்டு எல்லாம் அதன் பொறுப்பு. ஆனால் ரயிலைத் தினமும் இயக்கிப் பராமரிப்பது கியோலிஸ்-எம்எச்ஐ என்ற கூட்டு நிறுவனம். பிரான்சின் கியோலிஸும் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது. 2009 செப்டம்பரில் மெட்ரோ ஓட ஆரம்பித்ததிலிருந்து செர்கோ என்ற பிரிட்டிஷ் நிறுவனம் இயக்கியது, 2021 செப்டம்பரில் இவர்கள் கைக்கு வந்தது. மரினா பக்கம் ஓடும் டிராமும் இவர்களிடம்தான். பஸ் மட்டும் இவர்களுடையது அல்ல. நம்மூரில் பஸ் வாங்குவது, ஓட்டுவது, டிக்கெட் கொடுப்பது எல்லாம் ஒரே போக்குவரத்துக் கழகம் என்பதால் இந்தப் பிரிவினை முதலில் கொஞ்சம் குழப்பும். கார்டில் பணம் தவறாகப் பிடித்தால் ஆர்டிஏவிடம் போக வேண்டும், ரயிலில் பையை விட்டுவிட்டால் உடனே ஸ்டேஷன் ஊழியரிடம் சொல்ல வேண்டும்.

வந்து இறங்கும் நாள். திருவனந்தபுரத்தில் ஏறி வருகிறவர்கள் எந்த டெர்மினலில் இறங்குகிறோம் என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டெர்மினல் 1, 3 இரண்டிலும் மெட்ரோ ஸ்டேஷன் உண்டு, டெர்மினல் 2-இல் கிடையாது. பக்கத்து அமீரகமான ஷார்ஜாவில் இறங்கினால் மெட்ரோ என்ற பேச்சே இல்லை. இன்னொன்று, மெட்ரோவில் ஒருவருக்கு ஒரு பெரிய பெட்டி, ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். அம்மா கட்டிக் கொடுத்த அட்டைப்பெட்டி, சிப்ஸ், கருவாடு என்று நாலைந்து உருப்படியோடு வந்தால் டாக்ஸிதான் சரி, அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு வாருங்கள்.

மறுநாளே சில்வர் நோல் கார்டு வாங்கிவிடுங்கள். 25 திர்ஹாம், அதில் 19 திர்ஹாம் பயணத்துக்கே இருக்கும். துபாயை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: ஒரே மண்டலத்துக்குள் 3 திர்ஹாம், பக்கத்து மண்டலம் வரை 5, அதற்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் 7.50. மெட்ரோவில் இறங்கி அரை மணி நேரத்துக்குள் பஸ் ஏறினால் அது அதே பயணத்தின் தொடர்ச்சி, புதிதாகக் காசு பிடிக்காது. பஸ்ஸில் கண்டக்டர் இல்லை, டிரைவர் காசு வாங்க மாட்டார். ஏறும்போதும் இறங்கும்போதும் கார்டைக் காட்டியே ஆக வேண்டும். நம்மூர் பழக்கத்தில் சீட்டில் உட்கார்ந்தபின் யாராவது வந்து கேட்பார்கள் என்று இருந்துவிட்டால், வருகிறவர் பரிசோதகர்தான், 200 திர்ஹாம் அபராதம். ரயிலுக்குள் சாப்பிட்டால், தண்ணீர் குடித்தால், சூயிங்கம் மென்றால், ஆண்கள் பெண்களுக்கான பகுதியில் நின்றால் 100. கூட்டத்தில் தள்ளிக்கொண்டு ஏறும்போது தரையில் உள்ள இளஞ்சிவப்புக் கோட்டைக் கவனியுங்கள்.

இப்போது ரூம். சம்பளம் குறைவாக இருக்கும் முதல் வருடத்தில் ஷார்ஜா வாடகை ஆசை காட்டும். அங்கே மெட்ரோ இல்லை. யூனியன் ஸ்டேஷனிலிருந்து இ303 மாதிரி பஸ்கள் ஷார்ஜாவுக்குப் போகின்றன, நோல் கார்டும் செல்லும், ஆனால் காலையும் மாலையும் அந்த ரோடு அடைத்துக்கொள்ளும். வாடகையில் மிச்சம் பிடிப்பதைத் தூக்கத்தில் கொடுக்கிறோம் என்று எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். வேலை துபாயில் என்றால் மெட்ரோவின் கிரீன் லைன் ஓடும் அல் நஹ்தா, அல் குசைஸ் பக்கம் பெட் ஸ்பேஸ், அதாவது பகிர்ந்துகொள்ளும் ரூமில் ஒரு கட்டில், பாருங்கள், ஷார்ஜா எல்லையை ஒட்டிய இடங்கள். கராமா, பர்துபாய் கொஞ்சம் கூடுதல் வாடகை, ஆனால் மெஸ்ஸும் நம் ஆட்களும் பக்கத்திலேயே. ரெட் லைன், கிரீன் லைன் இரண்டும் சந்திப்பது யூனியன், பர்ஜுமான் என்ற இரண்டே ஸ்டேஷன்களில், அவற்றை மனதில் வைத்தால் பாதி ஊர் புரிந்துவிடும். இன்டர்நேஷனல் சிட்டியில் ரூம் காட்டி "மெட்ரோ வருகிறது" என்று புரோக்கர் சொன்னால், அந்த ப்ளூ லைன் 2029-இல்தான் திறக்கத் திட்டம், அதுவரை பஸ்தான்.

வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் 30 நாள் பாஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீண்ட தூரம் போய்வர மாதம் 26 நாளுக்கு 390 திர்ஹாம் ஆகும், எல்லா மண்டலத்துக்குமான பாஸ் 350. ஸ்டேஷன் பெயர்களையும் நம்பி இருக்காதீர்கள், விளம்பர ஒப்பந்தப்படி மாறிக்கொண்டே இருக்கும். கராமா ஸ்டேஷன் இப்போது ஏடிசிபி, ரஷீதியா இப்போது சென்டர்பாயின்ட். பழைய ஆட்கள் இன்றும் பழைய பெயரில்தான் வழி சொல்வார்கள், இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை கோயிலுக்கு, மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் கவனிக்க: அன்று மட்டும் ரயில் 8 மணிக்குத்தான் தொடங்கும். செயின்ட் மேரீஸ் சர்ச்சுக்கு ஊத் மேத்தா ஸ்டேஷனில் இறங்க வேண்டும்.

சரி, அந்த மெட்ரோ வேலை. ஆர்டிஏ முத்திரை போட்ட ஆஃபர் லெட்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "டிரைவர் வேலை, ஒன்றரை லட்சம் கொடு" என்கிறார்கள். இங்கே ஓடுவது டிரைவர் இல்லாத ரயில் மக்களே! இயக்கம், பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுக்க வேண்டியது அந்தக் கூட்டு நிறுவனம் அல்லது அதன் துணை ஒப்பந்ததாரர். அதனால் கடிதத்தில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அந்த வேலை இருக்கிறதா என்றும் பாருங்கள். வேலைக்கு எடுப்பதற்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவதை அமீரகச் சட்டம் தடை செய்கிறது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. பதிவு உண்டா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு முடிக்காமல் பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கு, வேலைக்கு வெளிநாடு போக இந்திய அரசு தரும் குடியேற்ற அனுமதி கட்டாயம், அதைத் தவிர்க்கத்தான் விசிட் விசாவில் ஏற்றி அனுப்பப் பார்ப்பார்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது குற்றம், பிடிபட்டால் மாட்டுவது நீங்கள், ஊரில் பணம் வாங்கியவர் போனை அணைத்துவிடுவார். நகையை அடகு வைத்துப் பணம் கட்டுவதற்கு முன் கடிதத்தை இங்கே வேலை பார்க்கும் சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்புங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்திடம் கேளுங்கள்.