40 கோடி வேல்யுவேஷனும் 4.5 கோடிக் காசோலையும்

தொழில் தொடங்கும் இளைஞர்கள் கையில் காகிதங்களோடு என்னிடம் வருகிறார்கள். 20 வருடம் பிறர் பணத்தை முதலீடு செய்து, அப்புறம் சொந்தக் கம்பெனி நடத்தி, விற்றுவிட்டு ஓய்வில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை. நான் செய்த அதே தவறுகளை அவர்கள் வரிசையாகச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கடன் வாங்கிப் பங்கு வாங்காதே, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாதே என்பதெல்லாம் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். விட்டுவிடுகிறேன்.

வேல்யுவேஷனைப் பார்த்து மயங்குவது

முதலீட்டு நிபந்தனைகளைச் சுருக்கிச் சொல்லும் டெர்ம் ஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிய எண் இருக்கும்: கம்பெனியின் மதிப்பு, அதாவது வேல்யுவேஷன். உங்கள் கைக்கு எவ்வளவு வரும் என்பதைத் தீர்மானிக்கும் வரி உள்ளே எங்கோ ஒளிந்திருக்கும்: லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ். கம்பெனியை விற்றாலோ மூடினாலோ யாருக்கு முதலில் பணம் என்று சொல்லும் வரி அது.

என் கதையின் எண்களை எளிமையாக்கிச் சொல்கிறேன். முதலீட்டாளர் 10 கோடி போட்டார். முதலில் பேசியது 32 கோடி மதிப்பு. "40 ஆக்கித் தருகிறோம், 'பார்ட்டிசிபேட்டிங்' என்ற ஒரு சொல்லை மட்டும் சேர்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். அவருக்கு 25 சதவீதம், எனக்கு 45, மீதி ஊழியர்களுக்கும் ஆரம்பத்தில் உதவியவர்களுக்கும். கையெழுத்துப் போட்டேன்.

கம்பெனி 20 கோடிக்குத்தான் விலைபோனது. 45 சதவீதம் என்றால் 9 கோடி என்று மனக்கணக்கு. வக்கீல் அனுப்பிய தாளில் என் பெயருக்கு நேரே 4.5 கோடி. முதலீட்டாளர் தன் 10 கோடியை முதலில் எடுத்துக்கொண்டார், பிறகு மிச்சம் 10 கோடியிலும் தன் 25 சதவீதத்துக்கு வந்து நின்றார். மொத்தம் 12.5 கோடி. அந்தச் சொல் இல்லாமல் 32 கோடிக்கே ஒத்துக்கொண்டிருந்தால் அவர் 10 கோடியோடு போயிருப்பார், மிச்சம் 10 கோடியை நானும் மற்றவர்களும் மட்டும் 45-க்கு 30 என்று பிரித்திருப்போம், எனக்கு 6 கோடி வந்திருக்கும்.

பெருமைக்கு 8 கோடி ஏற்றி, கைக்காசில் 1.5 கோடி இழந்தேன். இன்றும் எரிச்சல் வருவதற்குக் காரணம் வேறு. மேசையின் எதிர்ப்பக்கம் இருந்த காலத்தில் இதே சொல்லை எத்தனையோ பேரின் ஒப்பந்தத்தில் எழுத வைத்தவனே நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

இப்போது யார் வந்தாலும் முதலில் ஒரு தாள் எடுக்கச் சொல்கிறேன். கம்பெனி 10, 20, 40, 100 கோடிக்கு விற்றால் யார் கைக்கு எவ்வளவு? நாலு வரிக் கணக்கு. அந்தச் சொல்லை எடுக்க மாட்டோம் என்றால், மொத்தமாக, போட்ட பணத்தில் இத்தனை மடங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்று ஓர் உச்சவரம்பாவது கேளுங்கள். அடுத்த சுற்றில் வருபவரும் குறைந்தபட்சம் இதையேதான் கேட்பார் என்பதையும் மறக்க வேண்டாம்.

கம்பெனிக் கடனுக்கு வீட்டைப் பிணை வைப்பது

வைக்காதீர்கள். வைத்துப் பார்த்துவிட்டேன்.

லாபத்தைப் பணம் என்று நினைப்பது

லாபம் காட்டிய மாதத்தில்தான் சம்பளம் போட முடியாமல் விழித்தேன். போட்ட பில் வசூலாக 90 நாள், சம்பளத்துக்கோ 30 நாள்.

விழும் பங்கைச் சராசரி செய்வது

வாங்கிய சராசரி விலையைக் குறைக்க, சரிந்த பங்கையே மேலும் வாங்குவதைச் சொல்கிறேன். பாதியாகச் சரிந்தது பழைய விலைக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும். கையில் ஒன்றுகூட இல்லையென்றால் இன்று இதை வாங்குவீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

எஸ்க்ரோ பணத்தை நம்பி வாக்குக் கொடுப்பது

கம்பெனியை விற்ற தொகையில் ஒரு பகுதியைப் பிடித்துவைப்பார்கள், அதுதான் எஸ்க்ரோ. பின்னால் ஏதாவது குறை தெரிந்தால் அதிலிருந்து கழிப்பார்கள். எனக்கு அது வந்துசேர 18 மாதம் ஆனது, வந்ததும் முழுதாக இல்லை.