வெளிக்கோள்களின் பாதையைக் கணிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிக்கோள்களின் பாதைகளைக் கணினியில் வரைந்து பார்க்கும் புதிய ஆர்வலர்களிடம், நாங்கள் தொடங்கிய காலத்தில் உலவிய அதே பிழைகளையே மீண்டும் காண்கிறேன். பாகையையும் ரேடியனையும் குழப்புவது போன்றவை முதல் படத்திலேயே பல்லிளித்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு தேதியின் பாதைக்கூறுகளை நூற்றாண்டுக்கு நீட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். கோள்களின் இருப்பிடங்களைத் தரும் நாசாவின் ஹொரைசான்ஸ் இணையச் சேவையில் ஏதோ ஒரு தேதிக்குரிய, சூரியனை மையமாகக் கொண்ட பாதைக்கூறுகளை (பாதையின் அளவு, வடிவம், சாய்வு, திசை ஆகியவற்றைக் குறிக்கும் எண்களை) எடுத்து, கெப்ளரின் விதிப்படி நூறாண்டுகளுக்கு ஓட்டிவிடுகிறார்கள். ஆறாண்டு இடைவெளியில் இரு தேதிகளுக்கு நெப்டியூனின் கூறுகளை எடுத்த ஓர் இளைஞர், சுற்றுக்காலம் ஏறத்தாழ ஈராண்டு மாறியிருப்பதைக் கண்டு, அதற்குக் காரணம் கூறும் கட்டுரையையே எழுதத் தொடங்கிவிட்டார். உண்மையில் அசைந்தது சூரியன்.

வியாழனின் இழுப்பால் சூரியனும், 11.86 ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டுக்கும் பொதுவான நிறைமையத்தை நொடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர் வேகத்தில் சுற்றிவருகிறது. நொடிக்கு 5.4 கி.மீ. மட்டுமே நகரும் நெப்டியூனின் வேகத்தை அந்தச் சூரியனிலிருந்து அளந்தால், ஒரு சமயம் கூடுதலாகவும் ஆறாண்டு கழித்துக் குறைவாகவும் தெரியும். வேகத்தில் நேரும் 0.2 விழுக்காட்டுப் பிசகு சுற்றுக்காலத்தில் மும்மடங்காகும். நெப்டியூனின் மையத்தொலைத்தகவு (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதன் அளவு) 0.009 என்ற அளவுக்குச் சிறியதாதலால், சூரிய அண்மைப்புள்ளியின் திசையும் உடன் அலைபாயும். மோசமான தேதி வாய்த்தால், நூறாண்டு முடிவில் கோள் ஒரு பாகைக்கு மேல், அதாவது முழுநிலவின் அகலத்தைப் போல் இருமடங்குக்கும் மேல், விலகி நிற்கும். முதல் சில ஆண்டுகளுக்குப் படம் சரியாகவே பொருந்துவதால், பிழை இருப்பதே வெகுகாலம் தெரிவதில்லை.

மையமாகச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்தைத் தேர்ந்து, சூரியனின் நிறையோடு, நெப்டியூனின் பாதைக்கு உட்புறமுள்ள கோள்களின் நிறையையும் கணக்கில் சேர்த்தால் பெரும்பகுதி சரியாகிவிடும். துல்லியம் வேண்டுமெனில், கூறுகளையே விட்டுவிட்டு, ஒவ்வொரு தேதிக்கும் கோளின் ஆயங்களை (இருப்பிடத்தைக் குறிக்கும் x, y, z எண்களை) அச்சேவையிலிருந்து நேரடியாக எடுப்பதே மேல்.

அதே மருந்தைச் சனிக்கும் கொடுப்பது

அது போதாது. வியாழன் ஐந்து சுற்று முடிக்கையில் சனி ஏறத்தாழ இரண்டு முடிப்பதால், அவற்றின் பரஸ்பர இழுப்பு ஏறத்தாழ 900 ஆண்டுச் சுழற்சியாகச் சேர்கிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 1785-இல் விளக்கிய இவ்விளைவு, மையத்தை மாற்றுவதால் மறையாது.

யுரேனசின் சாய்வு

பாதையின் சாய்வாகச் சிலர் இடும் 98 பாகை, கோளின் சுழலச்சுக்குரியது. பாதையின் சாய்வு 0.8 பாகைதான்.

நெப்டியூனை வெட்டும் புளூட்டோ

புளூட்டோவின் பாதை 17 பாகை சாய்ந்தது. தட்டையான படத்தில்தான் இரண்டும் வெட்டிக்கொள்கின்றன.