பழைய பத்மினி நன்றாக இழுக்க

பிரீமியர் பத்மினி இழுக்கவில்லை என்றதும் பெரிய கார்புரேட்டர் தேடாதீர்கள். அந்த 1089 சிசி இன்ஜினில் இருக்கும் சக்தியே பாதியில் நின்றுபோயிருக்கலாம்.

முதலில் காசில்லாத வேலை. இன்ஜினை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். ஒருவர் ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதிக்க, இன்னொருவர் டார்ச் அடித்து கார்புரேட்டருக்குள் பார்க்க வேண்டும். அடியில் உள்ள வட்டத் தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தே நின்றால் இணைப்புக் கம்பிகள் தேய்ந்திருக்கும். அதைச் சரிசெய்தாலே பாலம் ஏறும்போது வித்தியாசம் தெரியும்.

அப்புறம் பாயிண்ட், அதாவது ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் முனைகள். கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றில் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்குள் உள்ள இந்த முனைகள் பூத்துப்போகும். உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே ஓட்டாமல் புதிதாக மாட்டுங்கள், விலை அதிகமில்லை. பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் (ஸ்பார்க் வரும் நேரம்) மாறும். அதனால் இடைவெளியை வைத்த பிறகே டைமிங். பேட்டரி எர்த் வயர் பாடியில் சேரும் இடத்தையும் சுத்தம் செய்துவிடுங்கள்.

அடுத்து டேப்பட், அதாவது வால்வு இடைவெளி. அதையும் பார்த்தாயிற்று, இன்னும் இழுக்கவில்லையா? ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.