தீர்ப்பு நகல் கையில் கிடைத்தால்

யாராவது தீர்ப்பு நகலை நீட்டினால், அதைப் படிப்பதற்கு முன் தீர்ப்புகளைத் தேடிப் படிக்க உதவும் இந்தியன் கானூன் இணையதளத்தில் தேடி, அதை மேற்கோள் காட்டியிருக்கும் பிந்தைய தீர்ப்புகளைத் திறந்து பாருங்கள். காசு செலவில்லை. சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்றத்துக்கு ஒரு நடை மிச்சம்.

நகல் அசலாகவே இருக்கும். அதன் உயிர்தான், அதாவது செல்லுபடிதான், போயிருக்கலாம். பூர்வீகச் சொத்தில் மகள் பங்கு கேட்க, மகளுக்கும் சம உரிமை தந்த சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 9.9.2005 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு சொன்னது. அண்ணன் தம்பிகளுக்குப் பிடித்தமான தீர்ப்பு, வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. 11.8.2020 அன்று மூவர் அமர்வு அதை ரத்து செய்துவிட்டது. பெரிய அமர்வு சொன்னதே செல்லும். ஆனால் பழைய நகலின் தாளில் அதைச் சொல்லும் முத்திரை எதுவும் இராது.

போன வாரம் வந்த தீர்ப்புக்கு இந்த வழி உதவாது. அதை மேற்கோள் காட்ட இன்னும் யாரும் இல்லை. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ சட்டத்தையே திருத்தியிருந்தாலும் பிடிபடாமல் போகலாம். ஏற்காட்டில் மனை வாங்கி வீடு கட்டுவது போன்ற அரசாணை விவகாரங்களுக்கு நேராக அரசாணையையும் அரசிதழையும்தான் பார்க்க வேண்டும்.