யார் ஜெயித்தார் என்று கேட்காதீர்கள்

எழுதுபவருக்கும் அவருடைய நோக்கத்துக்கும் வாசகருக்கும் உள்ள உறவு பற்றிய கோட்பாடுகளை ஒப்பிட்டு, சிங்கப்பூரில் பகுதிநேரமாகப் படிக்கும் மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்துகிறேன். பலவற்றில் இரண்டாம் பக்கத்திலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது: இவர் சரி, அவர் தவறு.

அதிகம் அடி வாங்குபவர் எழுத்துப் பயிற்சி பற்றி எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ, பாவம். வாசகரைப் புறக்கணிக்க வாதிடுவதாக 1987ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பே சொல்வதால், ‘எல்போவுக்கு வாசகரே வேண்டாம்’ என்று எழுதிவிடுகிறார்கள். உள்ளே படித்தால் விஷயம் வேறு. வாசகர் நினைப்பு கையைக் கட்டிப்போட்டால் முதல் வரைவில் அவரை மறந்துவிடலாம், திருத்தும்போது திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

வாசகர் எப்போதும் கற்பனையே என்று வால்டர் ஓங் 1975இல் எழுதினார். அதைப் ‘பொய்’ என்று புரிந்துகொள்வது அடுத்த சறுக்கல். எழுதுபவர் வாசகருக்கு ஒரு வேடம் தருகிறார் என்பதே அவர் வாதம். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி அருகே தீபாவளி ஒன்றுகூடலுக்கு ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: ‘நம் தேக்கா விளக்குகளைப் பார்த்துவிட்டு அப்படியே வாருங்கள்.’ தேக்கா என்பது இங்குள்ள லிட்டில் இந்தியா வட்டாரம். போன மாதம்தான் திருச்சியிலிருந்து வேலைக்கு வந்தவரையும் அந்த ‘நம்’ ஊர்க்காரராக்கிவிடுகிறது. வேடம் என்றால் இதுதான். ஆனால் எழுத்தைப் பெரிதாக அச்சிட்டது, கண்ணாடியை வீட்டில் மறந்துவரும் நிஜத் தாத்தாக்களுக்காக. நிஜ வாசகர், அழைத்து உருவாக்கும் வாசகர் இரண்டும் வேண்டும் என்றுதான் 1984இல் லிசா ஈடியும் ஆண்ட்ரியா லன்ஸ்ஃபோர்டும் எழுதினார்கள். அவர்களை ஒரு கட்சியில் சேர்த்துவிடாதீர்கள்.

அப்புறம், ‘வாசகர்’ என்று நாம் சொல்லும் சொல் (ஆங்கிலத்தில் audience, அவையினர் என்றும் பொருள்) எல்லாரிடமும் ஒரே பொருளில் வராது. பேச்சுக்கலைக் கோட்பாட்டாளர் லாயிட் பிட்சருக்கு (1968) கேட்பவர் எல்லாரும் அவையினர் அல்லர். சொல்லுக்கு இணங்கி ஒரு மாற்றத்தைச் செய்யக்கூடியவரே அவையினர். அறிவிப்பைப் படித்துவிட்டுப் போகும் உணவு விநியோக ஊழியர் அந்தக் கணக்கில் வரமாட்டார். சூழல்தான் பேச்சை வரவழைக்கிறது என்ற பிட்சருக்கு, பேசுபவர்தான் சூழலை உண்டாக்குகிறார் என்று ரிச்சர்ட் வாட்ஸ் 1973இல் மறுப்பு எழுதினார். இது நோக்கம் எங்கே பிறக்கிறது என்ற சண்டை. ஓங்கை இதில் நடுவராக உட்காரவைக்க வேண்டாம்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு தவறு உண்டு: ‘இதெல்லாம் நன்னூலில் அன்றே இருக்கிறது.’ சிறப்புப் பாயிரம் காட்ட வேண்டிய எட்டில் ‘கேட்போர்’, ‘பயன்’ இரண்டும் தனித்தனியாக இருப்பது உண்மைதான், அழகும்கூட. ஆனால் அது முடிந்த நூலை அறிமுகப்படுத்தும் முறை. எழுதும்போது மனத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்று பவணந்தி அங்கே கேட்கவில்லை.