மேல்முதுகு வலி மாசக்கணக்கா போகலையா? நாம பண்ற தப்புகள் இதுதான்

முதுகுல ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல பிடிச்சுக்கிச்சுன்னா நம்ம ஊர்ல உடனே வர்ற தீர்ப்பு "வாய்வு". பூண்டு, ஓமத்தண்ணி, ஒரு சோடா, ரெண்டு ஏப்பம் விட்டா லேசா ஆன மாதிரி இருக்கும், நம்பிக்கை இன்னும் கெட்டியாயிடும். ஆனா அந்த எடத்துல இருக்குறது தசை. கழுத்துலேர்ந்து தோள்பட்டை வழியா நடுமுதுகு வரைக்கும் விரிஞ்சு கிடக்குற ட்ரப்பீசியஸ், பட்டை எலும்பை முதுகெலும்போட சேர்த்துப் பிடிச்சிருக்குற ராம்பாய்ட், வலிக்கிறது பெரும்பாலும் இதுங்கதான். வாய்வு வந்து அங்க உக்காருறதுக்கு வழியே இல்ல.

இந்த வாய்வு கதை சும்மா தமாஷ்னா விட்டுடலாம், உயிருக்கே ஆபத்தான எடம் ஒண்ணு இருக்கு. ஹார்ட் அட்டாக் எல்லாருக்கும் சினிமால காட்டுற மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வராது, குறிப்பா பெண்களுக்கும் சுகர் இருக்குறவங்களுக்கும் மேல்முதுகு, தாடை, தோள்பட்டைன்னு வலி காட்டலாம். புதுசா திடீர்னு முதுகு வலி, கூடவே வேர்வை, மூச்சு வாங்குறது, குமட்டல் இருந்தா சோடா வாங்க ஓடாதீங்க, 108-க்கு போன் பண்ணுங்க. எண்ணெய்ப் பலகாரம், பிரியாணி சாப்பிட்ட பிறகு வலது பட்டைக்குக் கீழ வலிக்குதுன்னா பித்தப்பைக் கல்லா இருக்கலாம், அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

சரி, அதெல்லாம் இல்ல, மூணு மாசத்துக்கு மேல வந்து வந்து போற வலின்னா அடுத்த தப்பு நேரா போய் ஸ்கேன் எடுக்குறது. ரிப்போர்ட்ல டிஸ்க் பல்ஜ் (முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்குற மெத்தை லேசா பிதுங்குறது), தேய்மானம்னு ரெண்டு வரி இருக்கும், அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு, அப்புறம் குடத்தைத் தூக்க பயம், குனிய பயம். வலியே இல்லாதவங்களை எடுத்துப் பார்த்தாலும் வயசுக்கு ஏத்த மாதிரி இதே வரிகள் வரும்ங்க. மேல்முதுகுல இருக்குற 12 எலும்பும் விலா எலும்போட பூட்டி இருக்கு, அசைவு கம்மி, அதனால இடுப்புலயும் கழுத்துலயும் மாதிரி அங்க டிஸ்க் விலகி நரம்பை அழுத்துறது அபூர்வம். பட்டை ஓரமா குடையுற வலி பல பேருக்கு கழுத்துலேர்ந்து இறங்கி வர்றதுதான், அத விட்டுட்டு முதுகைப் படம் எடுத்து என்ன பிரயோஜனம்.

ஆனா ஸ்கேனை தள்ளிப் போடக்கூடாத ஆட்களும் இருக்காங்க. சாயங்காலக் காய்ச்சல், எடை குறையுறது, படுத்தாலும் குறையாத ராத்திரி வலி (முதுகெலும்பு டிபி நம்ம நாட்டுல இன்னும் சகஜம்), கால் மரத்துப் போறது இல்ல தள்ளாடுறது, யூரின் மோஷன் கட்டுப்பாடு போறது, முன்னாடி கேன்சர் வந்தவங்க, ரொம்ப நாள் ஸ்டீராய்டு எடுத்தவங்க, வயசானவங்களுக்கு சின்னதா வழுக்கினதுக்கே வந்த வலி, இதுல எது இருந்தாலும் உடனே பாக்கணும். சின்ன வயசுல காலைல அரை மணி நேரத்துக்கு மேல முதுகு விறைச்சு, நடமாட நடமாட சரியாகி, ரெஸ்ட் எடுத்தா மோசமாகுதுன்னா வாத நோய் டாக்டர் (ருமட்டாலஜிஸ்ட்) கிட்ட போங்க, அது வேற கணக்கு.

சலூன்ல தலையைப் பிடிச்சு டக்குனு நெட்டி முறிக்கிறது வேணவே வேணாம். கழுத்து வழியா மூளைக்குப் போற ரத்தக்குழாய் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வந்த கேஸ் இருக்கு, அபூர்வம்தான், ஆனா பத்து செகண்ட் சுகத்துக்கு அது தேவையா.

மெடிக்கல்ல போய் "அண்ணே முதுகு வலிக்கு ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டா டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக்னு ஏதாவது வரும். ரெண்டு மூணு நாளைக்கு ஓகே. மாசக்கணக்கா போனா வயித்துல புண்ணு, கிட்னிக்கு அடி, பிபி ஏறும், ஏற்கனவே சுகர் பிபி இருக்குறவங்களுக்கு இன்னும் சீக்கிரம். பேர் போடாம பொட்டலத்துல மடிச்சுத் தர்ற மாத்திரை அதவிட மோசம், அதுல ஸ்டீராய்டு இருந்தா வலி மந்திரம் போட்ட மாதிரி போகும், உள்ளுக்குள்ள எலும்பு மெலிஞ்சுக்கிட்டே வரும்.

இப்ப எல்லாரும் பண்ற பெரிய தப்புக்கு வரேன். பிசியோ போவாங்க, படுத்துக்குவாங்க, கரண்ட் மெஷின் வைப்பாங்க, சூடு வைப்பாங்க, சுகமா இருக்கும், பத்து நாள் முடிஞ்சதும் வீட்டுக்குப் பண்ணச் சொல்லிக் குடுத்த எக்சர்சைஸ் பேப்பர் ஃப்ரிட்ஜ் மேல போய்டும். மறுபடி வலி வந்ததும் "பிசியோ பாத்தாச்சு, கேக்கல". வேலையை பாக்கப்போறது அந்தப் பேப்பர்தான்ங்க! மெஷின் வலியை கொஞ்ச நேரம் அமுக்கும், தசைக்கு பலம் குடுக்காது. பெல்ட்டும் அப்படித்தான், மாட்டினா நிமிர்ந்து உக்காருவோம், கழட்டினா பழைய கதை.

ஒரு எக்சர்சைஸ் மட்டும் சொல்றேன், ஏன்னா அதத்தான் எல்லாரும் தப்பா பண்றாங்க. ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பில மாட்டி ரெண்டு கையால இழுக்குறது. தோளைக் காது வரைக்கும் தூக்கி இழுத்தா ஏற்கனவே இறுகிக் கிடக்குற தசை இன்னும் இறுகும். தோளைக் கீழ விட்டு, முழங்கை விலாவை ஒட்டிப் போக, ரெண்டு பட்டையும் பின்னாடி கிட்ட வர்ற மாதிரி இழுத்து ரெண்டு செகண்ட் நிறுத்தி மெதுவா விடணும். பேண்டை டபக்குனு விட்டா பாதி பலன் போச்சு. மறுநாள் லேசா வலிக்கும், அது ஒண்ணும் ஆகல, பயந்து நிறுத்திடாதீங்க. கை மரத்துப் போனா, வலி கைக்கு இறங்கினா மட்டும் நிறுத்திட்டு கேளுங்க. ஆறு எட்டு வாரம் விடாம பண்ணாத்தான் வித்தியாசம் தெரியும், பாதி பேர் வலி குறைஞ்ச ரெண்டாவது வாரமே விட்டுடுறாங்க.

உக்காருற விதத்தைப் பத்தி ரொம்ப அலட்டிக்க வேணாம், விறைப்பா ஒரே மாதிரி மூணு மணி நேரம் உக்காந்தாலும் வலிக்கும். தையல் மெஷினோ லேப்டாப்போ, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து தண்ணி குடிச்சுட்டு வாங்க. படுத்துக்கிட்டே நெஞ்சு மேல போனை வச்சுப் பாக்குறதுதான் பல பேருக்கு எமன்.

இன்னொண்ணு, ரொம்ப நாள் வலிக்கு டாக்டர் அமிட்ரிப்டிலின், டுலாக்ஸிடின் மாதிரி எழுதுவாங்க, கூகுள்ல தேடி "இது டிப்ரஷன் மாத்திரையாச்சே, என்னை லூசுன்னு நெனச்சுட்டாரா"ன்னு குப்பைல போட்டுடுவாங்க. வலி ரொம்ப நாள் ஆனா நரம்பு மண்டலமே சின்ன தொடுதலுக்கும் கத்த ஆரம்பிச்சிடும், அத அமைதிப்படுத்தவும் இதே மாத்திரையைத்தான் குடுக்குறாங்க. சந்தேகம்னா குடுத்தவர்கிட்டயே கேளுங்க, நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க.

பிசியோக்கு காசு இல்லன்னா பெரிய அரசு மருத்துவமனைகள்ல கேட்டுப் பாருங்க, சென்னைல கே.கே. நகர்ல புனர்வாழ்வு மருத்துவமனையே தனியா இருக்கு. 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல நடமாட முடியாதவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோ பண்றாங்க. போகும்போது பழைய ஸ்கேன் ஃபைலை விட, என்ன பண்ணும்போது வலி கூடுது, எப்போ குறையுது, ராத்திரி எழுப்புதா, இதை ஒரு துண்டு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க. இதுவரைக்கும் சாப்பிட்ட மாத்திரை அட்டையையும் எடுத்துக்கோங்க, அந்தப் பொட்டலம் உட்பட.